மிலான்

மிலான் (இத்தாலிய மொழியில் மிலானோ) இத்தாலியின் வடபகுதியிலுள்ள லொம்பார்டி மாநிலத்தின் தலைநகரம் ஆகும். போ ஆற்றுச் சமவெளியில் அமைந்துள்ள இந்நகரம், மக்கள்தொகையில் இத்தாலியில் உரோமுக்கு அடுத்த இடத்தில் உள்ளது. உடையலங்காரம், பொருள் வடிவமைப்பு, நிதித்துறை ஆகியவற்றுக்குப் புகழ்பெற்றது. வெனிசு, புளோரன்சு ஆகியவற்றைப் போலத் தெருவெங்கும் பழமை காட்சி தருவதில்லை. இங்குள்ள கலைச்செல்வங்களிற் பெரும்பாலானவை கட்டிடங்களுக்கு உள்ளேயே இருக்கின்றன. இதனால் ஒருநாள் பயணிகள் பலர் பேராலயத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர்.

வரலாறு

கிமு 222 இல் உரோமர் கைப்பற்றிய இவ்வூர் மெடியோலானம் என அழைக்கப்பட்டது. கிபி 286 முதல் 402 வரை மேற்கு உரோமைப் பேரரசின் தலைநகராக விளங்கியது. பின்னர் விசுகோந்தி, இசுபோர்சா குடும்பங்கள் ஆண்டன.

இறுதி இராவுணவு

லியொனார்டோ டா வின்சி 1495 - 1498 காலப்பகுதியில் வரைந்த இறுதி இராவுணவு ஓவியம், சாந்தா மரியா தெல்லே கிராட்சி துறவிமடத்தின் உணவுக்கூடச் சுவரில் உள்ளது. இதன் அளவு ஏறத்தாழ 4.6 மீட்டர் x 8.8 மீட்டர் ஆகும். ஈரமான சுதையில் விரைந்து வரையும் வழக்கமான முறையை விடுத்து, நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைவதற்காக அவர் உலர்ந்த சுவரின் மீது வண்ணம் பூசினார். அவ்வண்ணம் சுவருடன் ஒட்டாமல், அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. 1652 இல் அச்சுவரில் வாயில் அமைத்தபோது இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதி வெட்டப்பட்டது. 1943 ஆகத்து மாதக் குண்டுவீச்சில் கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்தன. மணல் மூட்டைகளால் காக்கப்பட்டிருந்த ஓவியச்சுவர் தப்பி நின்றது.

பினின் பிரம்பில்லா பார்சிலோன் தலைமையில் 1978 இல் தொடங்கிய சீரமைப்பு 1999 வரை நீடித்தது. முந்தைய நூற்றாண்டுகளில் பிறர் பூசிய வண்ணங்கள் நீக்கப்பட்டன. முற்றாக அழிந்த இடங்களில் மங்கிய நீர்வண்ணம் மட்டும் இடப்பட்டது. எஞ்சியிருப்பதில் லியொனார்டோவின் கைவண்ணம் எவ்வளவு என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈரமும் தூசும் சேராதிருக்கச் சிறு குழுக்களாக, 15 நிமிடங்களுக்கு மட்டுமே பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். முன்பதிவின்றிச் சென்றால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

பிற கலைச்சின்னங்கள்

பேராலயத்தின் கட்டுமானம் 1386 இல் தொடங்கியது. கடைசி வெண்கலக் கதவு 1965 இல் தான் பொருத்தப்பட்டது. முடிவற்று இழுபடும் வேலையை மிலான் மக்கள் "பேராலய வேலை" என்பர். இதன் கூரை மீது ஏறி, கோபுரமுனைகளுக்கிடையே நடக்கலாம். இசுபோர்சா கோட்டையில், மைக்கலாஞ்சலோ 1564 இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்வரை செதுக்கிய, முற்றுப்பெறாத ரொண்டானினி பியேட்டா சிலை உள்ளது. கூட்டம் குறைவு, அமைதியாக நின்று பார்க்க முடியும். பிரேரா கலைக்கூடத்தில் மாந்தேன்யா, இரபேல் ஆகியோரின் ஓவியங்கள் உள்ளன.

உணவு

குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் நிறச் சோறான ரிசோட்டோ, கன்றின் காலெலும்பு இறைச்சியான ஒசோபுக்கோ, வெண்ணெயில் பொரித்த கன்றிறைச்சித் துண்டமான கோதொலெத்தா ஆகியவை இந்நகரின் சிறப்பு உணவுகள். ரிசோட்டோ பார்வைக்குச் சைவ உணவாகத் தோன்றினாலும், மரபு முறையில் எலும்பு மச்சையும் இறைச்சிச் சாறும் சேர்க்கப்படுகின்றன. புலால் உண்ணாதோர் கேட்டறிந்து உண்பது நல்லது. கிறித்துமசு காலத்து பனெத்தோனே ரொட்டியும் இங்கு தோன்றியதே. மாலையில் சிற்றுண்டியுடன் பானம் அருந்தும் வழக்கம் அப்பெரித்தீவோ எனப்படும்; நவிலி கால்வாய்க் கரைகளில் இதனைப் பரவலாகக் காணலாம். பேராலயத்துக்கான சலவைக்கற்கள் ஒருகாலத்தில் இக்கால்வாய்கள் வழியாகவே வந்தன.

கடைத்தெருக்கள்

பேராலயத்தின் அருகே கண்ணாடிக் கூரையுடன் அமைந்த இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே அங்காடிக்கூடம் 1867 இல் திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்த ஜுசெப்பே மெங்கோனி, வேலைகள் நிறைவுறும் தறுவாயில் 1877 இல் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். பிராடா நிறுவனத்தின் முதற்கடை 1913 இல் இங்குதான் தொடங்கப்பட்டது. தரையிலுள்ள காளை உருவின் மீது குதிகாலை ஊன்றிச் சுழன்றால் நல்லூழ் வாய்க்கும் என்ற நம்பிக்கையால் அவ்விடம் குழிந்துவிட்டது.

மொந்தே நப்போலியோனே, இசுபீகா ஆகிய தெருக்களில் ஆடம்பர ஆடையகங்கள் நிறைந்துள்ளன. விலைகள் பெரும்பாலானோர்க்கு எட்டாதவை. காட்சிப்பேழைகளைப் பார்த்து நடக்கக் கட்டணம் இல்லை. சனவரி, சூலை மாதங்களில் தள்ளுபடி விற்பனை நடைபெறும். ஆகத்து நடுப்பகுதியில் பல கடைகள் மூடப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் (2024 பெப்ரவரிக்கு முன் இவ்வரம்பு 154.94 யூரோ). இதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டுப் பெற்று, ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது சுங்கத்துறையின் ஒப்புதலைப் பெறவேண்டும்.