பதில் தெரியாத பிரம்மன்

சுவாமிமலைக் கதையை எல்லோரும் முருகன் பக்கம் நின்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை, தகப்பன்சாமி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிரம்மன் மேல்தான் பரிதாபம். அவர் பாட்டுக்குக் கைலாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பொடியன் கூப்பிட்டு நிறுத்தி, பிரணவத்துக்குப் பொருள் என்னன்னு கேட்கிறான். உலகத்தையே படைக்கிறவருக்கு அந்த நேரம் பார்த்துப் பதில் வரவில்லை. தலையில் குட்டு, அதோடு சிறை. பதினாறாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோய் வகுப்பில் முழித்த யாருக்கும் அந்த நான்கு முகங்களும் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நான் படித்தது கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளி. திருத்திய விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படிதான் கொடுப்பார்கள். அதிகம் வாங்கியவன் பெயர் முதலில். கட்டு மெலிய மெலிய, பெயர் வராதவர்களின் வயிறு கலங்கும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்வதற்கு முன்னால், சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறேன். என் நண்பர்களில் பாதிப் பேர் இப்படித்தான். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்குமோ என்று தேடியபோது, இருநூறு வருடப் பழைய ஒரு அரசாங்க அறிக்கையில் போய் நின்றேன்.

1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் படிக்கிறார்கள் என்று எண்ணி அனுப்பச் சொன்னார். தஞ்சாவூரிலிருந்து போன கணக்கில் 884 பள்ளிகள், 109 கல்லூரிகள். 1826-இல் மன்றோ தொகுத்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். ஆங்கிலேயர் வருவதற்கு முன்னால் நம்மிடம் கல்வியே இல்லை என்பவர்களுக்குப் பதிலாக இந்த எண்ணை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எண் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் தலித் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணைகளில் இடம் இல்லை. பள்ளியின் முதல் அவமானம் வாசலுக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடும்.

உள்ளே போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823-இல் விவரமாக எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது கௌரவம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அடி கூடிக்கொண்டே போகும். இதில் நேரம் என்பதே கணக்கில் இல்லை பாருங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடி வந்தாலும், உனக்கு முன்னால் பத்துப் பேர் வந்திருந்தால் அடி உண்டு. நீ எப்படி இருக்கிறாய் என்பதை மற்றவன் தீர்மானிக்கிறான். ரேங்க் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தப் பொருள் உள்ளங்கையில் எழுதப்பட்டிருக்கிறது.

படிக்காத பையனுக்குத் தண்டனை, இரண்டு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது, அல்லது விடாமல் உட்கார்ந்து எழச் சொல்வது என்றும் கேம்ப்பெல் எழுதுகிறார். முதலாவதற்கு நம்மிடம் கோதண்டம் என்று பெயர் இருந்தது. இரண்டாவதன் பெயர் சொல்லவே வேண்டாம், நாம் எல்லோரும் போட்டதுதான்.

அந்தத் திண்ணையில் வாத்தியாருக்கு அடுத்த அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு. பெரிய பையன் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், அப்படியே கண்காணிக்கவும் செய்வான். நம் லீடரின் கொள்ளுத்தாத்தா. இந்தச் சட்டாம்பிள்ளை வெளிநாடும் போனார். 1789 முதல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு காலையில் குதிரையில் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்ய நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் வகுப்பைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறை பற்றி 1797-இல் பெல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது மதராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டனில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் கட்டிய பள்ளிக்கு இன்றும் பெயர் மதராஸ் காலேஜ்.

சின்னப் பிள்ளை குருவாவது எங்கள் ஊர்க்காரனுக்குப் புதுசு இல்லை. 60 படி ஏறினால் சாமியே அப்படித்தான் நிற்கிறார். ஆனால் முறையோடு சேர்ந்து குட்டும் கப்பல் ஏறியது. பெல்லின் பள்ளியில் தப்புகளைக் குறித்து வைக்க ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. குற்றத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னதும் சக மாணவர்கள்தான். அதே மாதிரியான முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், அடிப்பதை வெறுத்தவர். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது, பையனைக் கூடையில் உட்காரவைத்து எல்லோரும் பார்க்கக் கூரையிலிருந்து தொங்கவிடுவது. உடம்பில் வலி இருக்காது. பார்க்கிற கண்கள் போதும். கோதண்டத்தில் எது வேலை செய்கிறது என்பதை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

இப்போது கும்பகோணத்துக்குத் திரும்பலாம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களிலேயே உலகத்துக்கு அதிகம் தெரிந்தவர் ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. என்னைத் துரத்துவது அவருடைய கூச்சங்கள். சின்ன வயதில் ஒரு கணக்குத் தேர்வில் 45-க்கு 42 வாங்கினார். நண்பன் 43. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக நண்பனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, சைன், கொசைனைப் பற்றிச் சில உண்மைகளைத் தானாகவே கண்டுபிடித்தார். அவை ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவை என்று பிறகு தெரியவந்தது. ஆய்லர் கண்டதைப் பள்ளிச் சிறுவன் தனியாக எட்டிப்பிடித்திருக்கிறான். வேறு யாராவது என்றால் தெருவெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்கள். ராமானுஜன் வெட்கப்பட்டு அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார். அவர் காதில் விழுந்தது 'நீ இரண்டாவதாக வந்தாய்' என்பது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் பூஜ்யம்.

1904-இல் பள்ளியில் கணிதப் பரிசு. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கலாம் என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். அடுத்தது அரசுக் கல்லூரி. அங்கே கணக்கைத் தவிர மற்றது எதுவும் ஏறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். மகனைக் காணவில்லை என்று 'தி ஹிந்து'வில் அறிவிப்பு வந்தது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. வருடங்கள் கழித்துக் கேம்பிரிட்ஜில், தன் அறைக்கு விருந்துக்கு அழைத்த நண்பர்களில் ஒரு பெண் இன்னொரு தடவை ரசம் வேண்டாம் என்றதும், சத்தமில்லாமல் வெளியேறி நாலைந்து நாள் திரும்பி வரவில்லை. வேறு ஊரிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. ராயல் சொசைட்டி தேர்ந்தெடுத்த ஒரு மனிதர், 'போதும்' என்ற ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் ஓடியிருக்கிறார்.

இதற்கெல்லாம் பள்ளிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வறுமை இருந்தது, ஒரே பாடத்தில் மூழ்கும் சுபாவம் இருந்தது. ஆனால் 42 என்ற எண்ணைத் தோல்வியாகப் படிக்க யாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. அவருடைய தாள்களைத் தேட ஒரு ஹார்டி கிடைத்தார். டெல்டாவில் எத்தனை ஓட்டுக்கூரைகளில் எத்தனை தாள்கள் செருகியபடியே மக்கிப்போயின என்பதற்கு எந்த கலெக்டரிடமும் கணக்கு இல்லை.

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அடியை மட்டுமில்லாமல் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2017-இலிருந்து தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதில்லை. இரண்டும் பெரிய விஷயம்தான். ஆனாலும் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் பள்ளி வாசல் பிளெக்ஸில் வருஷா வருஷம் சிரிக்கின்றன.

சுவாமிமலைக் கதையில் பதில் தெரியாதவர்கள் இரண்டு பேர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிரம்மனை விடுவிக்க வந்த சிவனிடமும் அதே கேள்விதான். அவர் கைகட்டி, வாய் பொத்தி, சீடனாக நின்று கேட்டார். பிள்ளை காதோடு காதாகச் சொன்னான். ஒரே வாத்தியார், ஒரே பாடம். ஒருவருக்கு எல்லோரும் பார்க்கக் குட்டு, இன்னொருவருக்கு யாருக்கும் கேட்காதபடி பதில். பிரம்மன் அன்றைக்குப் பிரணவத்தின் பொருளைக் கற்றுக்கொண்டாரா என்று கதை சொல்கிற யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.