ஆற்றொழுக்கும் தவளைப் பாய்த்தும்

'நூல்' என்னும் சொல்லுக்கு நன்னூல் தரும் விளக்கம் இருவகைப்படும். பஞ்சிலிருந்து இழை நூற்பது போலச் சொற்களைக் கொண்டு நூற்கப்படுவது நூல் என்பது ஒன்று. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல, மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தை மேடைகளில் பன்முறை கேட்டிருக்கிறோம். முதல் விளக்கத்தை எடுத்தோதுவார் குறைவு. வகுப்பறைக்கு மிகுதியும் பயன்படுவது அதுவே என்பது என் துணிபு. செய்தி கூறும் எழுத்து சொற்குவியல் அன்று, முறுக்கேற்றப்பட்ட இழை. அவ்விழை செல்லும் வழியைக் கண்டுகொள்ளாத மாணாக்கன் எத்துணைத் தெளிவாக உரக்கப் படித்தாலும் படித்தவன் ஆகான்.

நூலின் அமைப்பை ஆராயும் மரபு நமக்குத் தொன்மையானது. தொல்காப்பியர் செய்யுளியலில் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கனைக் கூறுகிறார். ஓரினப் பொருள்களை ஒருங்கே வரிசைப்பட வைப்பது ஓத்து. பலவகைப் பொருள்கள் விரவி வருவது படலம். மூன்று அதிகாரங்களும் அதிகாரத்திற்கு ஒன்பது இயல்களுமாக, 27 இயல்களில் அமைந்த அவர் நூலே இவ்வொழுங்கிற்குச் சான்றாகும்.

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளை நான்கு உருவங்களால் விளக்கினார். ஆற்று நீர் இடையறாது ஓடுவது போலத் தொடர்ந்து செல்வது ஆற்றொழுக்கு. நடக்கும் சிங்கம் முன்னும் பின்னும் நோக்குவது போல, முன் சொன்னதையும் பின் சொல்லப் போவதையும் தழுவி நிற்பது அரிமா நோக்கம். இடையில் உள்ளதைத் தாண்டிச் சென்று இயைவது தவளைப் பாய்த்து. வேண்டிய ஒன்றை மட்டும் கவர்ந்து செல்வது பருந்தின் வீழ்வு. இவையேயன்றி முப்பத்திரண்டு உத்திகளையும் அவர் எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்னும் இரண்டனையும் அவரே கையாளும் அழகை எழுத்தியலின் தொடக்கத்திற் காணலாம். எண், பெயர், முறை, பிறப்பு என்று தொடங்கிப் பதம், புணர்ச்சி ஈறாகப் பன்னிரண்டு பகுதிகளை முதலில் தொகுத்துச் சுட்டுகிறார். பின்னர் முதற் பத்தினையும் எழுத்தியலிலும், பதத்தைப் பதவியலிலும், புணர்ச்சியை அடுத்த மூன்று இயல்களிலும் விரிக்கிறார். எழுத்ததிகாரம் முழுமைக்கும் அந்த ஒரு சூத்திரமே வழிகாட்டிப் பலகை!

உரையாசிரியர்களும் இந்நெறியிற் சென்றனர். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின்பின் மற்றோர் அதிகாரம் ஏன் வைக்கப்பட்டது என்பதைப் பரிமேலழகர் 'அதிகார முறைமை' எனக் கூறிச் செல்கிறார். அறம் முதலியவற்றை உலகிற்கு உள்ளவாறு உணர்த்துவோர் துறந்தாராதலின், வான்சிறப்பின்பின் நீத்தார் பெருமை வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. ஓர் அதிகாரத்திற்குள்ளும் இத்தனை பாட்டால் இன்னது கூறப்பட்டது எனப் பகுத்துக் காட்டுகிறார். மணக்குடவர் கொண்ட குறள் வரிசையும் பரிமேலழகர் கொண்ட வரிசையும் பலவிடங்களில் வேறுபடுகின்றன. வரிசையே பொருள் தருகிறது என்று உணர்ந்தோர்க்கன்றி இவ்வேறுபாடு எழாது.

இத்துணைச் சிறந்த மரபு பள்ளிக்கு வந்தபோது மனப்பாடமாகச் சுருங்கியது. சூத்திர நிலைகள் எத்தனை, அவை யாவை என்னும் வினாக்களுக்கு விடை எழுதியோர், அவற்றைக் கொண்டு ஒரு பக்கத்தையேனும் படித்துப் பார்க்குமாறு ஏவப்படவில்லை. கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதன் விலையை மட்டும் ஒப்புவித்தது போன்றதே இது.

அமெரிக்க ஆய்வாளர் பானி மேயர் 1975இல் உரைநடையின் அமைப்புக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். 1980இல் அவரும் உடன் ஆய்வாளர் இருவரும் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடையே நடத்திய ஆய்வில், ஆசிரியர் வகுத்த அமைப்பையே பற்றிக்கொண்டு படித்ததை நினைவுகூர்ந்தவர்கள் மிகுதியான செய்திகளைச் சொல்ல முடிந்தது என்று கண்டனர். காலவரிசை, காரண காரியம், ஒப்பீடு, சிக்கலும் தீர்வும் முதலியவை இவ்வாய்வில் கூறப்படும் அமைப்புகள். மேனாட்டார் இன்று கண்டதை நம்மவர் அன்றே கண்டனர் என்று சொல்லி மகிழ்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. நான் அதற்கு உடன்படேன். நன்னூலார் பேசுவது பெரும்பாலும் நூல் செய்வோனுக்கு. மேயர் பேசுவது படிப்போனைப் பற்றி. சிக்கலும் தீர்வும் என்னும் அமைப்புக்கு நேரான பெயர் நம் உத்திகளில் இல்லை. எனினும் இரண்டும் ஒரே வகுப்பறையில் கைகோக்கக் கூடியவை.

இந்நாட்டு மாணாக்கர்க்குப் பால்மரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? பாட்டனார் வெட்டிய மரம் அது. 1876இல் விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார்; 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன; அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன; 1888இல் ரிட்லி சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். இவ்வாறு சொன்னால் அஃது ஆற்றொழுக்கு. மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையை ரிட்லி கண்டதும், 1890களில் காப்பி விலை வீழ்ந்ததும், மோட்டார் வண்டிகள் பெருகியதும் தோட்டங்கள் பரவக் காரணமாயின என்று சொன்னால் காரண காரியம். காப்பித் தோட்டத்தையும் பால்மரத் தோட்டத்தையும் அருகருகே வைத்தால் ஒப்பீடு. செய்திகள் ஏறக்குறைய அவையே; இழை வேறு.

இவ்வாக்கியங்களைத் தனித்தனித் தாள்துண்டுகளில் எழுதி ஐந்தாம் ஆண்டு மாணாக்கரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். ஒரு குழுவினர் ஆண்டுகளைப் பார்த்து அடுக்குவர். மற்றொரு குழுவினர் மோட்டார் வண்டியை முதலில் வைத்துப் பின்னோக்கிச் செல்வர். இரண்டையும் ஏற்கலாம். ஆனால் 'இதன்பின் இதனை ஏன் வைத்தாய்?' என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்க வேண்டும். 'அதனால்', 'பின்னர்', 'ஆனால்' என்னும் சொற்களுள் எது அங்கே பொருந்தும் என்றும் கேட்க வேண்டும். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பின்னர், இத்தகைய பயிற்சிக்கு நேரமில்லை என்று சொல்வதற்கு நம்மிடம் எஞ்சியிருந்த பெரிய காரணமும் போய்விட்டது. அரிமாவும் தவளையும் பருந்தும் அடுத்த பாடத்தில் வரலாம்.