எபிரோனில் ஒரு பந்தி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, “நயினார், வழக்கம்போல சமணக் கல்வெட்டு எழுதிடுவீங்க, இல்லையா?” என்றார்கள். இந்த முறை வேறொன்று எழுதுகிறேன். செகந்திராபாத்தில் எவர்சில்வர் பாத்திரம் விற்கும் ஒரு தமிழ்ச் சமணன் கிறிஸ்தவர்களின் கூடுகையைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசி வரை படித்தால் விளங்கும்.

பெயரும் இடமும்

நம் நகரில் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸ் என்றொரு இடம் உண்டு. பெயரைக் கேட்டு கோட்டைப் பக்கம் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அது முஷீராபாத் பக்கம். அங்கேதான் ‘ஹெப்ரோன்’ என்னும் வளாகம் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் எபிரோன். எபிரேய மொழியில் இச்சொல்லின் வேர் ‘சேர்தல், தோழமை கொள்ளுதல்’ என்ற பொருளுடையது.

இதை நிறுவியவர் பக்த் சிங். 1903-ல் பஞ்சாபில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் படிக்க இங்கிலாந்துக்கும் பிறகு கனடாவுக்கும் போனவர். அங்கே கிறிஸ்துவை ஏற்று, 1932-ல் வான்கூவரில் திருமுழுக்குப் பெற்று, 1933-ல் பம்பாயில் வந்து இறங்கினார். நம்பிக்கையை வெளியே சொல்லாதே என்று பெற்றோர் கேட்டார்களாம். அது முடியாது என்றார். வீட்டை விட்டே பிரிய வேண்டியதாயிற்று.

தமிழருக்கு இதில் என்ன உறவு என்றால், இந்த இயக்கம் பிறந்ததே தமிழ் மண்ணில்தான். 1941-ல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு மலையில் பக்த் சிங்கும் தோழர்களும் இரவு முழுவதும் விழித்திருந்து ஜெபித்தார்கள். பல்லாவரம் என்றாலே நமக்கு மகேந்திரவர்மனின் குடைவரைதான் நினைவுக்கு வரும். அந்த இரவுக்குப் பிறகு சென்னையில் ‘யெகோவா ஷம்மா’ என்ற சபை தொடங்கியது. ‘ஆண்டவர் அங்கே இருக்கிறார்’ என்பது அதன் பொருள். அதே ஆண்டு இறுதியில் முதல் புனிதக் கூடுகையும் நடந்தது. விவிலியத்தில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லும் திருநாட்களே அதற்கு முன்மாதிரி. பின்னாளில் ஹைதராபாத்தே இயக்கத்தின் தலைமையிடமாகி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து பந்தலில் நாட்கணக்காகத் தங்கினார்கள்.

கூடுகையின் முறை

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்காருகிறார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆராதனை மணிக்கணக்கில் போகிறது. யார் வேண்டுமானாலும் எழுந்து துதிக்கலாம், ஜெபிக்கலாம். பேசுவது ஒரு மொழியில் என்றாலும் வரிக்கு வரி பெயர்த்துச் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் அப்பம் பிட்பது விசுவாசிகளுக்கு உரியது. அதன் பின் நடக்கும் அன்பின் விருந்து எல்லோருக்கும் பொது. நிலச்சுவான்தாரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும். சாதிக்கொரு பந்தி பார்த்துப் பழகிய நாட்டில் இது சாதாரணக் காரியம் அல்ல.

இதற்கும் முன்னோடியாக ஒரு தமிழர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலுக்கு ஊழியத்துக்கு வந்து, 1912-ல் அதன் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு உங்கள் நட்பு வேண்டும் என்ற கருத்தில் பேசி முடித்தவர். அவரும் கேட்டது தோழமையைத்தான்.

சொல் காட்டும் உறவு

ஆராதனை, உபவாசம், ஜெபம் ஆகிய இந்தக் கிறிஸ்தவச் சொற்கள் மூன்றும் எங்களுக்கும் பழஞ்சொத்து. காட்சி, ஞானம், ஒழுக்கம், தவம் ஆகிய நான்கையும் போற்றிக் கைக்கொள்வதை ஆராதனை என்பது சமண மரபு. சிவாரியர் பிராகிருதத்தில் எழுதிய நூலின் பெயரே ‘பகவதி ஆராதனா’. ஒதுங்கிக் கூடித் தங்குவதும் எங்களுக்குப் புதிதல்ல. மழைக்காலம் நான்கு மாதமும் துறவிகள் ஓரிடத்தில் தங்க, இல்லறத்தார் அவர்களைச் சூழ்ந்திருப்பார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கல்படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

பத்து நாள் தசலட்சண நோன்பு முடிந்ததும் நாங்கள் ‘க்ஷமாவாணி’ கொண்டாடுவோம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள் அது.

என் கணக்கு

இனி என் கதை. 1995-ல் என் கடைக்குக் கணக்கு எழுதி வந்தவர் திருநெல்வேலிக்காரர், கிறிஸ்தவர். ஒரு பில் காணாமல் போய்விட்டது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவரும் பதிலுக்குக் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து அந்தப் பில் என் மேஜை அறையிலேயே, பழைய டைரிக்குள் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் க்ஷமாவாணி அன்று ஊரையெல்லாம் கைகூப்பினேன். அவர் வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, நாளைக்கு ஹெப்ரோன்ல கூடுகை. ஒங்க மேல மனஸ்தாபத்த வச்சுக்கிட்டு நான் அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. அன்னிக்குப் பேசினத மன்னிச்சிருங்க” என்றார். காணிக்கை செலுத்தப் போகிறவன் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது அவர்கள் வேதம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மேஜை அறையைத் திறந்து அந்தப் பில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். மடித்துத் திருப்பித் தந்தார். “நாளைக்கு நீங்களும் வாங்க அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போனேன். அப்பம் எனக்குரியதல்ல, கைகட்டி உட்கார்ந்திருந்தேன். விருந்துக்கு அவர் மனைவி வெங்காயம், பூண்டு இல்லாமல் ஒரு டிபன் கேரியரில் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார். அதே பாயில், அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போது பக்த் சிங் நடுக்கவாத நோயால் படுக்கையில் இருந்த காலம். 2000 செப்டம்பர் 17-ல் அவர் ஹைதராபாத்தில் காலமானபோது இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே நடந்தோம்.

நான் மதம் மாறவில்லை. அவரும் என்னை மாறச் சொல்லவில்லை. ஆனால் என் மதத்தின் ஒரு நாளை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். இந்நகரில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடநாட்டுச் சமணக் கோயில்களில் வரவேற்பு உண்டு, ஆனால் தமிழ் கிடையாது. எங்கள் பிள்ளைகள் க்ஷமாவாணியைச் செல்போனில் ஒரு படமாக அனுப்பி முடித்துக்கொள்கிறார்கள். ஆகவே என் வீட்டு மாடியில் ஆண்டுக்கு ஒரு நாள் பாய் விரிக்கிறோம். யார் மனத்தில் யார்மேல் வருத்தமோ, அவரை நேரில் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகுதான் சாப்பாடு.

முதல் வருஷத்திலிருந்தே அந்தத் திருநெல்வேலிக்காரருக்கும் அங்கே ஓர் இலை உண்டு.