ஒரு விருந்தினருக்காக இடப்பட்ட மரப்பலகை

2001 சனவரியில் இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். அவரது சக்கர நாற்காலி செல்வதற்காக, ஜந்தர் மந்தர், குதுப் மினார் உள்ளிட்ட நினைவிடங்களில் இந்தியத் தொல்லியல் துறை மரத்தாலான சாய்தளங்களை அமைத்தது. இதற்காக வற்புறுத்தியோர் ஜாவேத் ஆபிதி முதலிய மாற்றுத்திறனாளர் உரிமைச் செயற்பாட்டாளர்கள். ஜந்தர் மந்தரோ 18ஆம் நூற்றாண்டில் ஜெய்சிங் மன்னர் எழுப்பிய திறந்தவெளி வானாய்வுக்கூடம். அண்டத்தை ஆராய்ந்தவருக்கு அங்குத் தடையாக நின்றவை சில படிகளே.

சட்டம் அதற்கு முன்பே இருந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்றது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. ஆனால் அரசின் 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்றொரு தொடரையும் அது உடன் வைத்திருந்தது. கடமையைக் கூறும் வினைமுற்றைவிட இந்த அடைத்தொடரே நடைமுறையில் வலிமை பெற்றது எனலாம். ஐந்தாண்டுகளாகக் கிட்டாத திறன் ஒரு விருந்தினர் வருகையின்போது எவ்வாறு கிட்டியது?

பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்பதையும் உரிமையாக ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொடரை இப்பொருளில் கைவிட்டு, பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க விதிகள் வெளியான நாள்முதல் 5 ஆண்டுக் கெடு விதித்தது. எனினும் மாநிலங்களின் 'ஆயத்தநிலை'யைப் பொறுத்துக் கெடுவை நீட்டிக்கலாம் என்ற விலக்கும் அதே பிரிவில் உள்ளது.