காலுக்குத் தெரிந்த பாட்டு

வீட்டுக்குள் ஆட மேடையும் வேண்டாம், சலங்கையும் வேண்டாம். பாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும் என்று காட்டியவர்கள் ஜப்பானியர். 1998-இல் கொனாமி நிறுவனம் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ யந்திரத்தை விளையாட்டுக் கூடங்களில் வைத்தது. திரையில் அம்புகள் மேலேறும். உச்சிக் குறியோடு அவை சேரும் கணத்தில், காலடியிலுள்ள அம்பை மிதிக்க வேண்டும். மறு ஆண்டே அது பிளேஸ்டேஷன் வட்டாக வீட்டுக்கு வந்துவிட்டது. (கீழ்வீட்டுக்காரர் பட்ட பாட்டைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை!)

எனக்குப் பெரிதாகப் படுவது பாட்டுப் பட்டியல்தான். பாட்டுகளில் பல இரவல் சொத்து. உரிமைக் கெடு முடிந்தால் அடுத்த பதிப்பில் இரா. 2001-இல் கூடங்களுக்கு வந்த ஆறாம் பதிப்போ பழைய பாட்டுகளை ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. மாதக்கணக்கில் பழகிய கால்கள் என்ன செய்யும், பாவம்! வீட்டு வட்டில் பதிந்த பாட்டை மட்டும் யாரும் பறிக்க முடியாது. பழைய வட்டுகளை நான் மதிப்பது அதனால்தான்.

2009-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஜஸ்ட் டான்ஸ்’ வந்தது. விரிப்பும் போயிற்று, கையில் பிடித்த கருவியே ஆட்டத்தை அளந்தது. 2015-இல் நூற்றுக்கணக்கான பாட்டுகளை இணையம் வழியே சந்தாவுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். சௌகரியம்தான். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்தும் உரிமை தீர்ந்து பாட்டுகள் விலகியிருக்கின்றன. தனக்குப் பிடித்த பாட்டைத் தேடும் குழந்தையிடம் என்ன சொல்வது? அதன் கால்கள் இன்னும் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கின்றனவே!