கண்டிப் பகுதியில் விலங்கு ஒட்டுண்ணி ஆராய்ச்சி

கண்டி நகருக்கு அயலிலுள்ள பேராதனை, கன்னொருவை ஆகிய இடங்களில் 1950களிலிருந்து தொடர்ந்து நடந்துவரும் ஆய்வுத்துறை. மாடு, நாய், குரங்கு முதலிய விலங்குகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளும், உண்ணி, நுளம்பு போன்ற காவிகள் பரப்பும் நோய்களும் இதன் பொருள். இலங்கையின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மகாவலிக்கு அக்கரையில், கன்னொருவையில், அரசின் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. மருத்துவ பீடமும் விலங்கியல் துறையும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ளன. ஒரே உண்ணியை மிருக வைத்தியரும் மனித வைத்தியரும் விலங்கியலாளரும் மாறிமாறிப் பார்க்க முடிந்தது இந்த அயலால்தான். இத்துறையில் இங்கு நடந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை அப்படிப் பிறந்தவை.

உண்ணி நோய் பரப்பும் என்பது 1893இல் அமெரிக்காவில் சிமித்தும் கில்போனும் மாடுகளின் ‘டெக்சாஸ் காய்ச்சலை’ ஆராய்ந்தபோது உறுதியானது. தென்னாசியாவில் இவ்வகை ஆய்வு முதலில் வேரூன்றிய இடங்களில் சென்னை ஒன்று. அங்கு கிறிஸ்டோபர்ஸ் 1907இல் நாயின் பபேசியா ஒட்டுண்ணி உண்ணிக்குள் எப்படி வளர்கிறது என்று விவரித்தார். 1910இல் பேட்டன், சென்னை வேட்டை நாய்களின் குருதியில் கண்ட வேறொரு சிறு ஒட்டுண்ணிக்குப் பெயரிட்டார். அதுவே இன்றைய பபேசியா கிப்சோனி. கண்டியில் உண்ணிக் காய்ச்சலோடு வைத்தியரிடம் கொண்டுவரப்படும் நாய்களில் அடிக்கடி தென்படுவதும் அதுதான். வழக்கமான பபேசியா மருந்துகள் காய்ச்சலைத் தணிக்கின்றனவே தவிர, இதை உடலிலிருந்து முற்றாக நீக்குவதில்லை. குணமானதாக வீடு திரும்பிய நாய் சில மாதங்களில் மறுபடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் அக்காலத்து அக்கறை முழுவதும் மனித மலேரியாவின் மீதே இருந்தது. 1934–35இல் கேகாலை, குருநாகல், கண்டிப் பகுதிகளைத் தாக்கிய பெருங்கொள்ளைநோய் சுமார் 80,000 பேரைக் கொன்றது என்பதால் அதில் வியப்பில்லை. விலங்குப் பக்கத்தில் குறிப்பிடத்தக்க ஆய்வு 1955இல் வெளியானது. குதிரைகளின் பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழக்கும் ‘கும்ரி’ நோயைப் பற்றி இன்னெஸ், சி.பி. பிள்ளை இருவரும் எழுதிய கட்டுரை அது. மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் செட்டாரியா டிஜிடாட்டா என்ற நூற்புழுவின் குஞ்சுகளை நுளம்பு எடுத்துச் சென்று குதிரைக்கோ ஆட்டுக்கோ ஏற்றிவிட்டால், பழக்கமில்லாத அந்த உடலில் அவை வழிதவறி முண்ணாணுக்குள் புகுந்துவிடுகின்றன. இதே புழுவைப் பிற்காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்கள், மனித யானைக்கால் புழுவுக்குப் பதிலாக ஆய்வுகூடத்தில் கையாளும் மாதிரியாகப் பயன்படுத்தினார்கள். மாட்டுப் புழு கிடைப்பது எளிது. மனிதப் புழு கிடைப்பது அப்படியல்ல.

பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தபின் கால்நடை மருத்துவக் கல்வியும் இங்கே நிலைகொண்டது. நோயியல் துறையிலிருந்த பி. செனவிரத்ன 1955இல் தம் துறையின் சேகரிப்பிலிருந்த ஒட்டுண்ணிப் புழுக்களின் பட்டியலை வெளியிட்டார். இலங்கையில் அதுவரை பதிவாகாத சில இனங்களும் அதில் இருந்தன. பட்டியல் போடுவது சிறு வேலைபோலத் தோன்றும். ஆனால் எந்த விலங்கில் எது இருக்கிறது என்று தெரியாத நாட்டில் வேறெங்கும் தொடங்க முடியாது. அவர் 1965இல் இலங்கையின் உண்ணிகளைப் பற்றியும் எழுதினார். 1973இல் வீரசிங்க, ஆரியதாச ஆகியோருடன் சேர்ந்து, நாயின் செங்குருதிக் கலங்களின் மேல் ஒட்டி வாழும் ஹீமோபார்ட்டொனெல்லா கானிஸ் என்ற நுண்ணுயிரை நாயின் பழுப்பு உண்ணி கடத்துகிறது எனப் பரிசோதனையில் காட்டினார். அந்த நுண்ணுயிருக்கு இப்போது மைக்கோபிளாஸ்மா என்ற பேரினத்தில் வேறு பெயர். ஆயினும் அதன் உண்ணிக் கடத்தலைப் பற்றி எழுதுவோர் உலகில் எங்கிருந்தாலும் இந்தப் பேராதனைக் கட்டுரையைச் சுட்டுகின்றனர்.

இதே காலத்தில் கொழும்பில் ஏ.எஸ். திசாநாயக்க வேறொரு வழியில் இதே வாசலுக்கு வந்தார். 1961இல் பரமானந்தனுடன் சேர்ந்து இலங்கை முயலின் இதயத்திலும் குருதிக் குழாய்களிலும் வாழும் புரூஜியா பக்லியி என்ற நூற்புழுவை விவரித்தார். 1965இல் லண்டனைச் சேர்ந்த நெல்சன், கார்னம் ஆகியோரோடு சேர்ந்து இலங்கைச் செங்குரங்கின் மலேரியா ஒட்டுண்ணிகளான பிளாஸ்மோடியம் பிராஜைல், பிளாஸ்மோடியம் சிமியோவாலே ஆகியவற்றுக்குப் பெயர் சூட்டினார். பேராதனை வளாகத்து மரங்களிலும் கண்டி நகரக் கூரைகளிலும் திரியும் அதே செங்குரங்குதான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டபின் இந்தப் பழைய கட்டுரைகளின் மதிப்பு கூடியிருக்கிறது. மனிதனிடமிருந்து விரட்டப்பட்ட நோயின் உறவினர்கள் குரங்கில் இருக்கும்வரை, அவற்றைக் கவனிக்கவும் ஆட்கள் வேண்டும்.

1967இல் நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதன்மைக் கவலை பால்மாடு. பால் உற்பத்தியைப் பெருக்க நாடு இறக்குமதி செய்த ஜெர்சி, பிரீசியன் மாடுகள் நுவரெலியாவின் குளிரில் பிழைத்தன. கண்டி போன்ற நடுநாட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியபோது உண்ணிக் காய்ச்சலில் மடிந்தன. காரணம் மாட்டு உண்ணி, இன்றைய பெயரில் ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ். இது வாழ்நாளில் ஒரே மாட்டில் ஏறி, சுமார் மூன்று வாரம் குடித்து, நிலத்தில் விழுந்து முட்டையிடும். தாய் உண்ணியிடமிருந்து பபேசியா முட்டைக்குள்ளேயே கடந்துவிடுவதால், பிறக்கும் குஞ்சுகள் ஒரு மாட்டையும் கடிக்காமலே நோயைச் சுமந்திருக்கும். நாட்டு மாட்டுக்கு இது பெரிய தொல்லையல்ல. கன்றாக இருக்கும்போதே தொற்று வந்து, இளமையின் பாதுகாப்பில் தப்பி, எதிர்ப்பு நிலைத்துவிடும். வளர்ந்தபின் முதன்முறை கடிபடும் வெளிநாட்டு மாட்டுக்குத்தான் சாவு.

ஆகவே கன்னொருவையில் எழுந்த கேள்வி எளிமையானது: உண்ணி கடிக்குமுன் நாமே கன்றுக்கு வீரியம் குறைந்த ஒட்டுண்ணியைக் கொடுத்துவிட்டால் என்ன? இம்முறையை ஆஸ்திரேலியா ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியிருந்தது. டி.ஜே. வெயில்கம குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்திரேலியத் தடுப்பூசிக்குரிய பபேசியா போவிஸ் வகைகளும் இலங்கையில் பிரித்தெடுத்த பபேசியா வகைகளும், உண்ணி பரப்பும் மற்றொரு நுண்ணுயிரான அனாபிளாஸ்மாவின் வகைகளும் எவ்வளவு வீரியமுடையவை என்று ஐரோப்பிய இனக் கன்றுகளில் ஒப்பிட்டனர். மண்ணீரலை அகற்றாத கன்றுகளில் இதைச் செய்ததே கவனிக்க வேண்டியது. மண்ணீரல் இல்லாத கன்று ஆய்வுகூடத்துக்கு வசதி; ஆனால் தோட்டத்து லயத்தின் பின்னால் கட்டியிருக்கும் மாட்டுக்கு மண்ணீரல் உண்டு.

பெல்ஜிய ஆய்வாளர்களின் ஒத்துழைப்பில் 1989இல் வெளிவந்த ஒரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். மாட்டின் மூக்கில் கட்டி வளர்ந்து மூச்சுவிடும்போது குறட்டை எழும் நோயை இலங்கை மாடுகளில் ஆராய்ந்தது அது. நோய்க்குக் காரணமான சிஸ்டோசோமா நாசலேயை 1930களில் விவரித்தவர் சென்னையின் எம்.ஏ.என். ராவ். குளத்து நத்தை வழியாக அது பரவுகிறது.

நுளம்புப் பக்கத்தில் பேராதனை விலங்கியல் துறையின் பெலிக்ஸ் அமரசிங்க தனி ஆள். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு நீர் வடக்கே திரும்பியதிலிருந்து, பாசனத்தோடு என்ன நுளம்பு போகிறது என்ற கேள்வி சும்மா கிடக்கவில்லை. அந்நீர் பாய்ந்த குடியேற்றப் பகுதிகளின் நுளம்புகளை அவர் இனம் பிரித்துப் பட்டியலிட்டார். 1980களின் நடுவில் அனுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளையழற்சி வெடித்தபோது, பேராதனை மருத்துவ பீடத்து மலிக் பீரிஸும் அமரசிங்கவும் சேர்ந்து நுளம்பு, பன்றி, மனிதர் மூன்றையும் ஒன்றாக ஆராய்ந்தனர். வயலோரம் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டிருந்தது. வைரசு பெருகப் பன்றியும், நுளம்பு பெருக நெல்வயலும் ஒரே ஊரில் அமைந்தன. 1992இல் வெளிவந்த அக்கட்டுரை இன்றும் இப்பொருளில் அடிப்படை வாசிப்பு. பீரிஸ் பின்னர் ஹொங்கொங் சென்று 2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தினார்.

உண்ணி ஆய்வு 2000களில் எதிர்பாராத இடத்திலிருந்து புத்துயிர் பெற்றது: மனிதரின் காது. காதுவலியோடு காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் காதுக்குள் உண்ணி இருப்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள், எடுத்து எறிந்துவிடுவார்கள். அவற்றை வாங்கி இனம் பிரிக்கத் தொடங்கியது பேராதனை விலங்கியல் துறை. 2004, 2010ஆம் ஆண்டுக் கட்டுரைகளும், ரூபிகா ராஜகருணா, கால்நடை மருத்துவ பீடத்தின் ஜயந்த ராஜபக்ச ஆகியோர் பங்கேற்ற 2015ஆம் ஆண்டின் நாடளாவிய உண்ணிக் கணக்கெடுப்பும் இதன் விளைவு. காதில் ஏறுபவற்றில் முக்கியமானது டெர்மசென்டர் அவுராட்டஸின் இளம் உண்ணி. அதன் வளர்ந்த பருவம் காட்டுப்பன்றியில். தோட்டத்துக்குள் பன்றி வரும் மலையோர ஊர்களில் பிள்ளைகளின் காதுக்கு உண்ணி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே பாதி விடை. மத்திய மாகாண மலைப்பகுதியில் உண்ணி பரப்பும் புள்ளிக்காய்ச்சல் வகை ரிக்கெட்சியா தொற்று இருப்பதைக் குலரத்ன குழுவினர் 2003இலேயே காட்டியிருந்தார்கள்.

அண்மைய கட்டம் டி.என்.ஏ. சோதனையுடையது. கன்னொருவை நிறுவகமும் ஜப்பானின் ஒபிஹிரோ பல்கலைக்கழகமும் இணைந்து 2012 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளில் தில்லையம்பலம் சிவகுமார் முதன்மையானவர். நுணுக்குக்காட்டியில் மாட்டின் குருதிப் பூச்சைப் பார்த்து ‘தைலேரியா’ என்ற குருதி ஒட்டுண்ணி என எழுதிவைத்த ஒன்றுக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தன. 2019இல் இக்குழு, தைலேரியா அன்யுலாட்டாவுக்கு நெருங்கிய ஆனால் வேறான புதிய ஒன்றை இலங்கை மாடுகளில் கண்டு அறிவித்தது. கொடிய அன்யுலாட்டா என்று ஒரு மாட்டைத் தவறாகக் குறிப்பது வெறும் பெயர்ப் பிழை அல்ல. மருந்தும் செலவும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

நாயைப் பொறுத்தவரை தீராத கேள்வி ஒன்று நிற்கிறது. இலங்கையில் தோலைத் தாக்கும் லீஷ்மேனியா நோய், பிற நாடுகளில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் லீஷ்மேனியா டொனோவானியால் வருகிறது. அது மனிதரிடையே மட்டும் சுற்றுகிறதா, விலங்கில் தங்கியிருக்கிறதா? மாட்டுத் தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற அதே வெயில்கம, 2009இல் நவரத்ன முதலியோருடன் இதைத் தேடினார். மிகச் சில நாய்களில் தொற்றின் அடையாளம் கிடைத்தது. நாய்தான் நோயின் இருப்பிடம் என்று சொல்ல அது போதவில்லை. இல்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை.