பள்ளி இரைச்சலும் பிள்ளையின் கவனமும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்திலே லங்காட் ஆற்றை அடுத்துள்ள ஊர் பந்திங். ஒரு காலத்தில் ரப்பர்க் காடாயிருந்த இவ்வட்டாரத்தில் இன்று செம்பனை ஓங்கி நிற்கிறது. பந்திங்கைச் சுற்றியும், கேரித் தீவிலும் பால்மரம் சீவக் குடியேறிய தமிழர், லயத்தோடும் கோயிலோடும் ஒரு பள்ளியையும் பெற்றனர். அப்பள்ளிகள் வளர்ந்த கதையில், இதுவரை அதிகம் பேசப்படாத ஓர் இழை உண்டு. அதுதான் வகுப்பறை இரைச்சல்.

'ஓரிடத்தில் இரான், சொல்வதைக் கேளான், அடுத்தவனையும் படிக்கவிடான்' என்று பழி சுமந்த பிள்ளை எக்காலத்தும் எப்பள்ளியிலும் இருந்திருக்கிறான். அத்தகையோருள் சிலரிடம் காணும் நிலையை இன்றைய மருத்துவம் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., என்று அழைக்கிறது. இரைச்சல் இந்நிலையை உண்டாக்குவதில்லை. இது பெரும்பாலும் மரபு வழியாக வருவது. ஆயினும், இத்தகைய பிள்ளை கல்வியில் தேறுவதற்கும் தேங்குவதற்கும் அவன் அமர்ந்திருக்கும் அறையும் ஒரு காரணமாகிறது. அந்த அறை எவ்வாறு உருவாயிற்று?

பழந்தமிழ் நாட்டின் திண்ணைப் பள்ளியில் ஓசை ஒரு குறையாகக் கருதப்படவில்லை. பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பழகினர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொன்னான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இத்தகைய பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு வியந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் என்பார் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பின்னர் அவருடைய ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓராசிரியரின் கீழ் அமர்ந்தனர். செலவு குறைந்தது, ஆரவாரம் மிகுந்தது. திண்ணையில் சிறு கூட்டத்திற்கு ஏற்றதாயிருந்த ஒரு முறை, சிக்கனத்தின் பொருட்டுப் பெருங்கூடத்திற்கு இழுக்கப்பட்டது.

அதே 1798இல்தான் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் மனநோய்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கவனம் நிலைகொள்ளாத இயல்பு சிலருக்குப் பிறவியிலேயே அமைவதுண்டு என்றும், கதவு சாத்தும் ஓசையும் மேசை நகரும் அசைவும்கூட அவர்களைக் கலைத்துவிடும் என்றும் அவர் எழுதினார். இரைச்சல் மிக்க கூடமும், இரைச்சலால் கலங்கும் பிள்ளையைப் பற்றிய எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் தோன்றின. கூடம் உலகெங்கும் பரவிற்று. எச்சரிக்கை நூலகத்தில் உறங்கிற்று.

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது; தரத்தைத் தரவில்லை. பல தோட்டங்களில் லயத்தின் ஓர் அறையோ தகரக் கொட்டகையோ பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ வாத்தியாராகவும் இருந்ததுண்டு. ஒரே ஆசிரியர் ஒரே கூடத்தில் பல வகுப்புகளை நடத்தினார். ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறு மூலையில் ஆத்திசூடி. மழை பெய்தாலோ தகரக்கூரையின் முழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அவர்கள் கோரிக்கைகளுள் இடம்பெற்றது.

இதற்கிடையே மருத்துவம் மெல்ல நகர்ந்தது. 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவிற் குறையாத, ஆனால் தம்மை அடக்கமாட்டாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தி, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். 1968இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதை மிகை இயக்கம் என்றது. 1980இல் கவனக்குறைவு என்றது. 1987இல் இரண்டையும் இணைத்து இன்றைய பெயருக்கு வழிவகுத்தது. ஒழுக்கக் கேடு என்று கருதப்பட்டது நரம்பு வளர்ச்சியின் வேறுபாடு எனத் தெளிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அதுகாறும் பிரம்படியே பலருக்கு மருந்தாயிற்று.

அறையின் ஓசையை அளக்கவும் காலம் தாழ்ந்தே முயன்றனர். 1999இல் உலக சுகாதார நிறுவனம், வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்றும், எதிரொலி சுமார் 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும் என்றும் வகுத்தது. ஆசிரியர் குரல் சுற்றோசையைவிட 15 டெசிபெல் மேலோங்கினால்தான் சொல் தெளிவாக விளங்கும். ஓசையெல்லாம் ஒன்றல்ல என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. கவனம் குன்றிய சில பிள்ளைகளுக்குச் சீரான இரைச்சல் நினைவாற்றலுக்கு உதவியதாகச் சுவீடன் ஆய்வாளர் 2007இல் கண்டனர். கேட்போரை எளிதில் இழுத்துக் கலைப்பது பொருளுள்ள பேச்சு. அடுத்த வகுப்பின் பாடம் இப்பிள்ளைக்குப் பகையாவது இதனாலேயே.

மலேசியாவில் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் துணையின்றித் தன்னைப் பேணிக்கொள்ளும் பிள்ளையே கற்பிக்கத் தக்கவன் என வரையறுத்தன. 2013இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. 2019இல் எப்பிள்ளையையும் பள்ளி திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கை வந்தது. வாயில் திறந்தது நன்றே. உள்ளே வந்த பிள்ளைக்குச் செவி கொடுக்கும் அறை வேண்டுமன்றோ?

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிள்ளையைக் கதவு, சன்னல்களிலிருந்து விலக்கி ஆசிரியரருகே அமர்த்தலாம். நீண்ட கட்டளையைச் சிறு சிறு படிகளாகச் சொல்லலாம். பாடத்தின் இடையே எழுந்து நடக்க, கரும்பலகை துடைக்க, ஏடுகளைப் பகிர்ந்தளிக்கப் பணிக்கலாம். மாணவர் குறைந்த பள்ளிகளில் இரு வகுப்புகளை ஓரறையில் நடத்த நேர்ந்தால், ஒன்று வாய்விட்டுப் படிக்கையில் மற்றது அமைதிப் பாடம் செய்யாமல், இரண்டும் ஒரே வேளையில் எழுதவும் ஒரே வேளையில் பேசவும் திட்டமிடலாம். தகரக்கூரைக்கு உட்கூரை இடலாம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டலாம். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இவற்றைச் செய்ய மருத்துவர் வரவேண்டியதில்லை.

பிள்ளை அடங்கவில்லை என்று இருநூறு ஆண்டுகளாகக் குறை கூறப்பட்டது. அந்த அறை ஒருநாளும் அடங்கியிருந்ததில்லை என்பதே வரலாறு தரும் விடை. பாட்டன் சீவிய பால்மரத்தின் ரப்பர், பேரன் வகுப்பின் நாற்காலி ஓசையையேனும் அடக்கட்டும்.